பழைய கோடாரிக்குப் புதுக் காம்பு

ஆயுத பூசைக்கு முன் ஒரு செய்முறைப் பாடம்



நவராத்திரி வரப்போகிறது. வழக்கம்போல் நம் இளைஞர் பிரிவு கோயில் ஸ்டோர் அறையைத் திறக்கும். மண்வெட்டி, பாராங், சுத்தியல், அரிவாள், கோடாரி எல்லாம் வெளியே வரும். துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வரிசையாக அடுக்கிக் கற்பூரம் காட்டுவோம். மறுநாள் எல்லாம் அதே அறைக்குள் திரும்பிப் போய்விடும். இந்த ஆண்டு பூசைக்கு முன் ஒரு வேலை கூடுதலாகச் செய்யச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கிள்ளான் பக்கம் ஒரு கோயிலில் தீமிதிக்கு விறகு பிளந்துகொண்டிருந்தோம். என் கையில் இருந்த கோடாரியின் தலை ஆடுகிறது என்பது எனக்குத் தெரியும். காலையில்தான் காம்பின் உச்சியில் இரண்டு ஆணி அடித்து, துணி சுற்றி இறுக்கியிருந்தேன். "ஒரு நாள் வேலைதானே, தாங்கும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மத்தியானம் ஒரு கட்டையை ஓங்கி வெட்டப் போனபோது கையில் திடீரென்று பாரமே இல்லை. தலை கழன்று பறந்து, விறகு அடுக்கிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவனின் காதோரமாகப் போய்த் தகர வேலியில் மோதியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மன் காப்பாற்றினாள் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மட்டும், அம்மனுக்கு அந்த வேலையை வைத்தவன் நான்தானே என்று தோன்றியது.

தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அந்தத் தலையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். திட்டவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இரும்பு நல்லாத்தான் இருக்கு. நீ ஆணி அடிச்ச பாரு, அதுதான் தப்பு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, எப்படிக் காம்பு போடறதுன்னு காட்டுறேன்" என்றார். அவரிடம் நான் படித்ததைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

1. கோடாரிக்கும் நமக்கும் என்ன உறவு?

சிவபெருமானின் ஒரு கையில் மான், இன்னொரு கையில் மழு. மழு என்பது கோடாரிதான். விநாயகரின் கையிலும் அதைப் பார்க்கலாம், வடமொழியில் பரசு. அதை ஏந்தியதால் பரசுராமருக்கு அந்தப் பெயர். சிவன் கோயிலில் கருவறைக்கு வடபுறம் இருக்கும் சண்டிகேசுவரர் சந்நிதியைக் கவனியுங்கள். அவர் அடையாளமும் மழுதான். சிவபூசையைக் கலைத்த தந்தையை நோக்கி அவர் எடுத்த கோல் மழுவாக மாறியது என்பது நாயன்மார் வரலாறு.

இன்னொரு உறவு நம் குடும்பக் கதையில் இருக்கிறது. 1877இல் 22 ரப்பர் நாற்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான், காப்பார், கோலசிலாங்கூர் பக்கமெல்லாம் காடு போய்ப் பால்மரம் வந்தது. அந்தக் காட்டைச் சாய்த்தவர்களில் மலாய்க்காரர்கள், ஜாவாக்காரர்கள், சீனர்களோடு நம்மவரும் உண்டு. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகே புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பிறகு ரயில்வே தொழிலாளர்களின் குடியிருப்பாக வளர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். தண்டவாளத்துக்கு அடியில் போட்ட கட்டைகளும் மரம்தான். அதையும் யாரோ ஒருவர் வெட்டித்தான் ஆக வேண்டும்.

இன்றைக்கு நிலைமை என்ன? பாராங், கோடாரி என்றாலே பத்திரிகையில் குற்றச் செய்திப் பக்கம்தான் நினைவுக்கு வருகிறது. அதில் நம் இனத்துப் பையன்களின் பெயர்களைப் பார்த்து மனம் நொந்துபோகிறோம். தாத்தா உழைத்துச் சோறு போட்ட கருவி, பேரன் கையில் பயமுறுத்தும் பொருளாகிவிட்டால் அது பெரிய நஷ்டம். ஒரு கருவியைப் பழுது பார்க்கக் கற்றவனுக்கு அதன் மேல் ஒரு மரியாதை வரும். அந்த மரியாதை வந்தவன் அதை யாரையும் நோக்கி ஓங்க மாட்டான் என்பது என் நம்பிக்கை.

2. முதலில் தலையைப் பாருங்கள்

பழைய தலை எல்லாமே காம்பு போடத் தகுதியானவை அல்ல. மூன்று இடம் பாருங்கள்.

ஒன்று, காம்பு நுழையும் துளை. அதன் சுவரில் விரிசல் இருந்தால் அந்தத் தலையை விட்டுவிடுங்கள். வெல்டிங் வைத்து ஒப்பேற்ற வேண்டாம். துருவைத் தேய்த்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். விரிந்த இரும்பு பெரும்பாலும் மொத்தென்று கேட்கும்.

இரண்டு, பின்பக்கம். பலர் கோடாரியின் பின்பக்கத்தைச் சம்மட்டியாக்கி இரும்பு ஆப்பை அடிப்பார்கள். அதனால் ஓரம் காளான் மாதிரி விரிந்திருக்கும். அந்த விரிந்த ஓரம் அடுத்த அடியில் சில்லாகத் தெறித்துக் கண்ணில் பட வாய்ப்புண்டு. அரத்தால் ராவி எடுத்துவிடுங்கள்.

மூன்று, வாய். ஓரிரு பல் விழுந்திருந்தால் பரவாயில்லை, ராவிச் சரிசெய்யலாம். தேய்ந்து தேய்ந்து பாதியாகிவிட்டதென்றால் அது ஓய்வெடுக்கட்டும். பூசையில் மட்டும் வையுங்கள்.

துருவை எடுக்க, தலையைச் சாதாரண வினிகரில் ஒரு நாள் ஊற வைத்து, கம்பி பிரஷால் தேய்த்தால் போதும். புளிக்கரைசலும் மெதுவாக வேலை செய்யும். பித்தளைக் குத்துவிளக்கை நம் அம்மாமார் புளி போட்டுத் தேய்ப்பதும் அதே அமிலத்தை நம்பித்தான். பிறகு சோடா மாவு கலந்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, எண்ணெய் பூசுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஈர இரும்பு ஒரே இரவில் மறுபடி துரு பிடித்துவிடும்.

3. பழைய காம்பைக் கழற்றும் முறை

இங்கேதான் பலர் ஒரு பெரிய தப்பு செய்கிறார்கள். தலையை நெருப்பில் போட்டுக் காம்பை எரித்துவிடுவார்கள். வேலை சுலபம், ஆனால் கோடாரி செத்துப்போகும். வாய்ப்பகுதியின் இரும்பைக் கொல்லர் பழுக்கக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, பிறகு மிதமான சூட்டில் பதம் பார்த்திருப்பார். அந்தப் பதத்தின் சூடு சுமார் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரைதான். விறகு நெருப்பு 600 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அதில் கிடந்த வாய் பதம் இழந்து மெத்தென்றாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

சரியான முறை இது. தலைக்குக் கீழே ஒட்டிக் காம்பை அறுத்துவிடுங்கள். தலையை இரண்டு கட்டைகளுக்கு நடுவே தாங்க வைத்து, மீதி மரத்தைக் கீழிருந்து உச்சிப் பக்கமாகத் தட்டி வெளியேற்றுங்கள். ஏன் அந்தத் திசை? துளை உச்சிப் பக்கம் சற்று அகலமாக இருக்கும். அங்கேதான் ஆப்பு மரத்தை விரித்திருக்கும். எதிர்த்திசையில் தட்டினால் இன்னும் இறுகும். இறுகியிருந்தால் டிரில்லால் நாலைந்து ஓட்டை போட்டு, மரத்தைத் துண்டு துண்டாக எடுங்கள். நான் அடித்திருந்த இரண்டு ஆணிகளையும் பெரியவர் குறடால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. காம்பின் உச்சி அந்த ஆணிகளால்தான் பிளந்திருந்தது.

4. எந்த மரம்?

காம்புக்கு வெறும் கடினம் போதாது. அடியின் அதிர்ச்சியைத் தாங்கி, கொஞ்சம் வளைந்து கொடுத்து, திரும்ப நிமிர வேண்டும். அமெரிக்காவில் ஹிக்கரி மரமும் ஐரோப்பாவில் ஆஷ் மரமும் பேர் பெற்றவை. தமிழ்நாட்டில் கருவேல மரத்தையும் புளிய மரத்தையும் கருவிக் காம்புகளுக்குப் பயன்படுத்துவார்கள். வண்டிச் சக்கரத்துக்கும் கருவேலம்தான். சக்கரம் தாங்குகிற குலுக்கலைக் காம்பும் தாங்கும் என்பது கணக்கு.

நம் நாட்டில் என்ன செய்வது? நான் முதலில் தேர்ந்தெடுத்தது ரப்பர் மரம். தோட்டத்தில் வளர்ந்தவன் வேறு எதைத் தேடுவான்? பெரியவர் தடுக்கவில்லை. "போட்டுப் பாரு" என்றார். மூன்றே மாதத்தில் காம்பில் ஊசித் துளைகள். கீழே மாவு மாதிரி தூள். பூச்சி அரித்துவிட்டது. பிறகுதான் விஷயம் புரிந்தது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூச்சியும் பூஞ்சணமும் அதைத் தேடி வரும். மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைகள் அதற்குப் போரான் மருந்தேற்றி, சூளையில் காயவைத்த பிறகே பயன்படுத்துகின்றன. நாம் வெட்டி வந்த பச்சை ரப்பர் கட்டைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

"அப்போ செங்கால் மரம் போடலாமா தாத்தா? அதுதானே கெட்டி?" என்று கேட்டேன். செங்கால் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் எடை. ரப்பர் சுமார் 600. கறையானுக்கும் மழைக்கும் அசையாத மரம். ஆனால் பெரியவர் தலையாட்டினார். "வீட்டுத் தூணுக்குக் கெட்டி வேணும். காம்புக்குக் கெட்டியும் வேணும், நெளிவும் வேணும். சாயங்காலம் வரைக்கும் தூக்கப் போறவன் நீ, கனத்தையும் யோசி." மலேசியக் கடின மரங்களில் கெம்பாஸ் கருவிக் காம்புகளுக்கு எடுபடும் மரம். மரக்கடையில் நேரான துண்டு கிடைத்தால் வாங்கலாம்.

அவர் எனக்குக் கடைசியில் கொடுத்தது கொய்யா. ஆமாம், வீட்டுக் கொல்லையில் நிற்கும் அதே கொய்யா மரம். இழை நெருக்கமான, உறுதியான மரம். கருவிக் காம்புக்குப் பல நாடுகளில் பயன்படுகிறது. கைக்கோடாரிக்கு அது அருமை. நீளக் கோடாரிக்கு வேண்டிய நேரான துண்டு கொய்யாவில் கிடைப்பது அரிது. அதற்குக் கடையில் ஆயத்தக் காம்பு வாங்குவதே நல்லது.

ஒரு எச்சரிக்கை. காம்புக்காக வனக்காப்பகத்தில் நுழைந்து மரம் வெட்டாதீர்கள். அனுமதியில்லாமல் வெட்டுவது குற்றம். தோட்ட நிலமும் அடுத்தவர் நிலம்தான். அக்கம்பக்கத்தில் கொய்யா, புளி மரங்களைக் கழிக்கும்போது கேட்டு வாங்குங்கள். மரங்களைப் பற்றி மேலும் அறிய விரும்பினால் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு நாள் குழுவாகப் போய் வாருங்கள். 1929 முதல் இயங்கும் இடம். ஈயம் தோண்டியும் காய்கறி பயிரிட்டும் சீரழிந்த நிலத்தில் மரம் நட்டு, மறுபடி காடாக்கிக் காட்டியிருக்கிறார்கள். கிள்ளானிலிருந்து கேரித் தீவும் தூரமில்லை. அங்கே மா மெரி மக்கள் ஒரே துண்டு மரத்தில் முகமூடி செதுக்குவதைப் பார்த்தால், மரத்தின் குணம் தெரிந்த கை எப்படி இருக்கும் என்று புரியும்.

5. நார் ஓட்டத்தைப் படியுங்கள்

மரம் எது என்பதைவிட அந்தத் துண்டில் நார் எப்படி ஓடுகிறது என்பது முக்கியம். காம்பின் பக்கவாட்டில் உள்ள கோடுகளைப் பாருங்கள். அடியிலிருந்து நுனி வரை கோடுகள் நேராக ஓடினால் நல்ல காம்பு. கோடுகள் சாய்ந்து பாதியிலேயே ஓரத்தில் முடிந்தால், அந்தச் சாய்வில்தான் ஒரு நாள் முறியும். முடிச்சு உள்ள இடமும் அப்படியே.

மேலைநாட்டுக் கோடாரி நூல்கள் ஆண்டு வளையம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று விரிவாகப் பேசும். குளிர்காலம் உள்ள ஊர் மரங்களில் வளையம் தெளிவாகத் தெரியும். ஆண்டு முழுக்க வெயிலும் மழையும் உள்ள நம் ஊர் மரங்கள் பலவற்றில் அது தெளிவாக விழுவதில்லை. ஆகவே நார் ஓட்டத்தையே நம்புங்கள்.

பெரியவர் கொய்யாக் கட்டையை அறுக்கவில்லை, பிளந்தார். "வாள் நீ சொல்ற பக்கம் போகும். பிளவு நார் சொல்ற பக்கம் போகும்" என்றார். பிளந்த துண்டில் நார் முழு நீளமும் உடையாமல் இருக்கும். கட்டையின் நடுவில் இருக்கும் சோற்றுப் பகுதியை விலக்கிவிடுங்கள். காயும்போது வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

6. பொறுமையாகக் காயவையுங்கள்

பச்சை மரத்தில் காம்பு போட்டால் அன்றைக்கு இறுக்கமாக இருக்கும். மரம் காயக் காயச் சுருங்கும், தலை ஆடும். ஆகவே பிளந்த துண்டின் இரண்டு முனைகளிலும் மெழுகோ பழைய பெயிண்டோ பூசி, மழை படாத, காற்று வரும் இடத்தில், தரையில் படாமல் அடுக்குங்கள். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறுவதால்தான் வெடிப்பு வருகிறது. பூச்சு அதைத் தடுக்கும்.

காய்ந்ததா என்று எப்படி அறிவது? சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து, பிறகு பல வாரம் அப்படியே நின்றால் காய்ந்துவிட்டது. எனக்கு ஆறு மாதம் ஆனது. அதுவரை கோயில் வேலைக்குக் கடையில் வாங்கிய காம்பைப் போட்டோம். கடைக் காம்பில் பெயிண்ட் பூசியிருந்தால் நார் தெரியாது; பூசாததையே கேட்டு வாங்குங்கள்.

நீளம்? ஒன்றரைக் கிலோ தலைக்குச் சுமார் 75 முதல் 90 சென்டிமீட்டர், சின்னக் கைக்கோடாரிக்கு 35 முதல் 40. தலையை உள்ளங்கையில் பிடித்து, காம்பைக் கையோடு சேர்த்து நீட்டினால் அதன் முனை அக்குளைத் தொட வேண்டும் என்பது ஒரு பழைய கணக்கு. விறகு பிளக்க நீளக் காம்புதான் பாதுகாப்பு. குறி தவறினால் நீளக் கோடாரி தரையில் பாயும். குட்டைக் கோடாரி காலில் பாயும்.

7. செதுக்கிப் பொருத்துதல்

துளைக்குள் நுழையும் பகுதியைத் தச்சர்கள் கழுந்து என்பார்கள். அதைத் துளையின் வடிவத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்க வேண்டும். துளையின் உள்சுவரில் கண்மை கொஞ்சம் தடவுங்கள். தலையை மாட்டித் தட்டி, மறுபடி கழற்றுங்கள். கழுந்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. அந்த இடத்தை மட்டும் மர அரத்தால் ராவுங்கள். மறுபடி மாட்டுங்கள். நான் பதினெட்டு முறை செய்தேன். பொறுமை இழந்து ஒரேயடியாகச் செதுக்கினால் இடைவெளி விழும். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

தலையை எப்படி உள்ளே ஏற்றுவது? தலையின் மேல் அடிக்காதீர்கள். காம்பைத் தலைகீழாக, தலை கீழே தொங்கும்படி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, காம்பின் அடிமுனையில் மரச்சுத்தியலால் தட்டுங்கள். தலை தானாகக் காம்பின் மேல் ஏறும். இது மந்திரம் இல்லை, பள்ளியில் படித்த நிலைமம். கனமான தலை அசையாமல் நிற்கப் பார்க்கிறது. லேசான காம்பு அதற்குள் இறங்குகிறது.

மாட்டியதும் காம்பின் அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். கோடாரி வாய் காம்போடு ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். கோணலாக இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்; ஆப்பு வைத்த பிறகு முடியாது. கழுந்து துளைக்கு மேலே அரை சென்டிமீட்டராவது நீட்டி நிற்கட்டும்.

8. ஆப்பு

நம் பேச்சில் ஆப்பு வைப்பது என்றால் ஒருவரைக் கவிழ்ப்பது. கோடாரிக்கோ ஆப்புதான் உயிர். கழுந்தின் உச்சியில், துளையின் நீளவாக்கில், வாளால் ஒரு வெட்டு போடுங்கள். ஆழம் துளையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அந்த வெட்டுக்குள் காய்ந்த மர ஆப்பை அடித்தால் கழுந்து இரண்டு பக்கமும் விரிந்து துளையின் சுவரைக் கவ்வும். துளை உச்சியில் அகலம் என்று சொன்னேன் அல்லவா? விரிந்த கழுந்து இனி ஒடுங்கிய வழியில் திரும்ப வர முடியாது. தலை கழலாததன் ரகசியம் இவ்வளவுதான்.

ஆப்பு மெல்லியதாக, சீரான சரிவோடு இருக்கட்டும். பெரியவர் பழைய ஜன்னல் சட்டத்து மெராந்தித் துண்டில் செதுக்கினார். நடுவில் நேராக, நிதானமாக அடியுங்கள். சத்தம் மாறும், ஆப்பு மேலும் இறங்க மறுக்கும். அங்கே நிறுத்தி, மிச்சத்தை அறுத்துவிடுங்கள். ஆணி மட்டும் வேண்டவே வேண்டாம். ஆணி நாரைப் பிளக்கும், விரித்துப் பிடிக்காது.

இன்னொரு குறுக்குவழியும் நமக்குப் பழக்கம். தலை ஆடினால் கோடாரியைத் தண்ணீர் வாளியில் ஊறப்போடுவது. மரம் ஊதி இறுகும், உண்மைதான். ஆனால் ஊதும் மரம் இரும்புச் சுவரில் நசுங்குகிறது. காய்ந்த பிறகு முன்னைவிட அதிகமாக ஆடும்.

9. எண்ணெயும் கூரும்

காம்புக்கு ஆளி விதை எண்ணெய் தடவுங்கள். அது காற்றில் உறைந்து மரத்துக்குள் இறுகும். தேங்காய் எண்ணெய் அப்படி உறையாது. பிசுபிசுத்துப் பின்னர் நாறும். ஒரு முக்கிய எச்சரிக்கை: ஆளி எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். உறையும்போது வெளிப்படும் சூடு சுருட்டலுக்குள் தேங்கி, துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயவைத்து, பிறகு தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

கூர் தீட்ட அரமும் சாணைக்கல்லும் போதும். மின் சாணையில் வைத்து வாய் நீலமாக மாறினால், நெருப்பில் போட்ட அதே கதைதான்.

10. கையில் எடுக்கும் முன்

ஒரு சின்னக் கணக்கு. ஒன்றரைக் கிலோ தலை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடி வீட்டுக் கூரையிலிருந்து, விழும் தலைக்குச் சமம். அந்தப் பையனின் காதோரம் போனது அதுதான். ஆகவே ஒவ்வொரு முறையும் எடுக்கும் முன் தலையை அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேலை இல்லை. மூடிய காலணி போடுங்கள். ஓங்கும் வட்டத்துக்குள் மட்டுமல்ல, முன்னும் பின்னும் நேராகவும் யாரும் நிற்கக் கூடாது.

வெளியே கொண்டுபோகும்போது வாயை உறை போட்டுக் கட்டி, காரின் பின்பெட்டியில் வையுங்கள். வேலை முடிந்ததும் நேராகத் திரும்புங்கள். நியாயமான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மோட்டார் சைக்கிளில் இடுப்பில் செருகிக்கொண்டு போகிற விளையாட்டெல்லாம் வேண்டாம்.

முடிவாக

"கோடாரிக் காம்பு குலத்துக்கு ஈனம்" என்பார்கள். மரத்தை வெட்டும் இரும்புக்கு மரமே துணைபோகிறதே என்ற வருத்தம் அது. கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுப்பவனுக்கு அந்தப் பெயர் பொருந்தும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு அந்தப் பழமொழி வேறு ஒன்றையும் சொல்கிறது. இரும்பு தானாக எங்கும் போகாது. அதை யார் பிடித்திருக்கிறார்கள், எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறார்கள் என்பதில்தான் அது விறகு தருகிறதா, ரத்தம் தருகிறதா என்பது இருக்கிறது. நம் பையன்களின் கையில் வலு இருக்கிறது, வேகமும் இருக்கிறது. பிடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மூத்தவர்களான நம் கடமை. ஆணி அடித்துத் துணி சுற்றி அனுப்பிவிட்டு, பிறகு அம்மன் மேல் பாரத்தைப் போடக் கூடாது.

பெரியவர் போன ஆண்டு காலமானார். அவர் போட்டுக்கொடுத்த காம்பு இன்னும் ஆடவில்லை. அன்று தப்பித்த அந்தப் பையன் இன்று எங்கள் இளைஞர் பிரிவில் விறகு வேலைக்குப் பொறுப்பாளன். திருவிழாவுக்கு முன் ஒவ்வொரு கருவியையும் அவன்தான் அசைத்துப் பார்க்கிறான். போன மாதம் என்னிடமிருந்த கோடாரியையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "சரிண்ணே, இப்போ வெட்டுங்க" என்றான்.

இந்த ஆயுத பூசைக்கு உங்கள் கோயில் கோடாரிக்குக் குங்குமம் வைக்கும் முன், ஒருமுறை தலையை அசைத்துப் பாருங்கள்.

வகுப்பில் கலந்துரையாட

1. உங்கள் கோயில் ஸ்டோரில் உள்ள கருவிகளைப் பட்டியலிடுங்கள். பயன்படுத்தத் தகுந்தவை எவை, பழுது பார்க்க வேண்டியவை எவை?

2. தோட்டத்தில் வேலை செய்த ஒரு தாத்தாவிடமோ பாட்டியிடமோ போய், அவர்கள் பயன்படுத்திய ஒரு கருவியைப் பற்றிக் கேட்டு எழுதி வாருங்கள். யார் செய்தது, எந்த மரம், எப்படிப் பராமரித்தார்கள்?

3. கருவியை வணங்குவதற்கும் பராமரிப்பதற்கும் என்ன தொடர்பு? பராமரிக்காமல் வணங்கினால் அது பூசையாகுமா?

4. "ஒரு நாள் வேலைதானே, தாங்கும்" என்று நீங்கள் விட்டுவைத்திருக்கும் வேலை எது? அதை இந்த வாரமே முடிக்க யாரிடம் உதவி கேட்பீர்கள்?